வற்றாத குளமும் அசையாத டொலரும்

கொழும்புப் புறக்கோட்டையின் நான்காம் குறுக்குத் தெருவில் அதிகாலையில் வெங்காய லொறி வந்து நின்றால், விலை பேசும் முன்பே ஒரு வேலை நடக்கும். கடையின் மூத்தவர் ஒருவர் மூட்டையின் வாயைச் சற்றே பிரித்து, கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து நாலைந்து வெங்காயங்களை எடுப்பார். ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கழுத்து காய்ந்து இறுகியிருந்தால் அந்த மூட்டையை நாட்டாமிமார் களஞ்சியத்துக்குச் சுமந்து போவார்கள். ஈரம் தங்கியிருந்தால், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை, அன்று மாலைக்குள் அது சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்விட வேண்டும். ஈர வெங்காயத்தைச் சேர்த்து வைப்பவர் அழுகலைத்தான் சேர்த்து வைக்கிறார் என்பது, புறக்கோட்டையில் கணக்கு எழுதத் தொடங்கிய முதல் வருடத்திலேயே நான் கற்றுக்கொண்டது.

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் சாம்பல் அணில் இதே வேலையைப் பல்லால் செய்கிறது. அங்கே ஓக் மரங்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. வெள்ளை ஓக்கின் கொட்டை இலையுதிர் காலத்தில் விழுந்த கையோடு முளைவிடத் தொடங்கும். முளைத்துவிட்டால் அதிலுள்ள சத்து வேருக்குள் இறங்கிவிடும். சிவப்பு ஓக்கின் கொட்டையோ குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தில்தான் முளைக்கும். அணில் வெள்ளை ஓக் கொட்டையைக் கண்டால் பெரும்பாலும் அங்கேயே தின்றுவிடுகிறது. சிவப்பு ஓக் கொட்டையை எடுத்துச் சென்று புதைக்கிறது. வெள்ளை ஓக் கொட்டையையும் புதைக்க நேர்ந்தால், முதலில் அதன் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிடுகிறது. முளைக்கரு போன கொட்டை முளைக்காது. நெடுநாள் கெடாமல் கிடக்கும். எவ்வளவு சேர்ப்பது என்ற கேள்விக்கு முன்னால், எது சேர்த்து வைக்கத் தக்கது என்ற கேள்வியை அந்தச் சிறு பிராணி தீர்த்துவிடுகிறது.

விலங்குகளிடமிருந்து வணிகம் கற்பது பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாகச் சிங்கத்தின் துணிச்சலையும் கழுகின் பார்வையையும் சொல்வார்கள். அவை மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். கடை நடத்த உதவாது. நான் விலங்குகளைக் கவனிக்கத் தொடங்கியது, இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022க்குப் பிறகு. ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த, கடனை நாள் தவறாமல் கட்டிய, நேர்மையான கடைக்காரர்கள் சிலர் அந்த வருடம் என் கண் முன்னாலேயே விழுந்தார்கள். ஒழுங்கற்றவர்கள் என்று நான் நினைத்திருந்த சிலர் தப்பினார்கள். என் தொழிலே திட்டமிட உதவுவது. ஆகவே எங்கே தவறியது என்று தேட வேண்டிய கடமை எனக்கு இருந்தது. தேடிப் போனதில் அணிலிலும் எறும்பிலும் யானையிலும் வந்து நின்றேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விலங்குகளில் பெரும்பாலானவை நாம் நினைக்கிற பொருளில் திட்டமிடுவதில்லை. அணில் உட்கார்ந்து வரப்போகும் பனியை எண்ணுவதில்லை. முளைக்கருவைக் கடிக்கும் பழக்கம் இருந்தவை பிழைத்து, அந்தப் பழக்கத்தைத் தம் குட்டிகளுக்கு விட்டுச் சென்றன. இல்லாதவை பசியில் செத்தன. இன்று நாம் காண்பது எண்ணற்ற தோல்விகளுக்குப் பின் எஞ்சிய மிச்சம். ஆகவே காட்டின் திட்டம் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பழைய பஞ்சத்தின் சுவடு இருக்கிறது. வணிகர் அதைப் படித்துக்கொள்ளலாம்; படிப்பதற்காகச் சாக வேண்டியதில்லை.

என் பெரியப்பா கெய்சர் வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். 1983 ஜூலைக் கலவரத்தில் கடையும், கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சியமும் ஒரே பகலில் எரிந்தன. நாலு வருடங்களின் பின் மீண்டும் தொடங்கினார். அதன் பிறகு அவர் எல்லாச் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததே இல்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, கிராண்ட்பாஸில் ஓர் அறை, கடையில் ஒரு பகுதி என்று மூன்றாகப் பிரித்து வைத்தார். ஒரு இடத்தில் வைத்தால் வாடகை மிச்சமாகும், ஆட்கூலி மிச்சமாகும் என்று ஒவ்வொரு வருடமும் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். எண்கள் சரியாகவே இருந்தன. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது எரியாத வருடத்தின் கணக்கு" என்று சொன்னார்.

உணவு சேர்க்கும் விலங்குகளிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு மரங்கொத்தி இனம், ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான துளைகளைக் குடைந்து, துளைக்கு ஒரு ஓக் கொட்டையாகச் செருகி வைக்கிறது. பார்க்க அழகான மத்தியக் களஞ்சியம். ஆனால் குடும்பமே சேர்ந்து ஓயாமல் காவல் காக்க வேண்டும். கொட்டை காய்ந்து சுருங்கும்போது கழன்று விழாதபடி சிறிய துளைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காவலுக்குக் கூட்டம் இல்லாத சாம்பல் அணில் தன் கொட்டைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே புதைக்கிறது. சில மறந்துபோகும், சில களவு போகும். எல்லாம் ஒரே இரவில் போகாது. எது மேலானது என்று கேட்பதற்கு முன், உன்னிடம் காவல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரியப்பாவிடம் காவல் இருக்கவில்லை. அந்த ஜூலையில் யாரிடமும் இருக்கவில்லை.

இனி 2022க்கு வருகிறேன். அதற்கு முந்திய வருடக் கடைசியில் நான் பலருக்குத் தயாரித்துக் கொடுத்த வரவு செலவுத் திட்டங்களில் டொலருக்கு ஒரே ஒரு எண் இருந்தது: 203 ரூபா. அந்த விலையைப் பிடித்து நிறுத்துவதை மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி கைவிட்டதும் அந்த எண் உருண்டது; மே மாத நடுவில் 360ஐத் தாண்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். என் திட்டங்களில் எழுத்துப்பிழைகூட இல்லை. அவை ஒரே ஒரு எதிர்காலத்துக்காகத் தைக்கப்பட்ட சட்டைகள். அந்த எதிர்காலம் வரவில்லை.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் விதை சேர்க்கும் சிவப்பு எறும்புகளை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டெபோரா கோர்டன் 1985 முதல் ஆராய்ந்து வருகிறார். அவர் கண்டவற்றில் ஒரு செய்தி எங்கள் தெருவுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. அந்த எறும்புக்கு விதை தேடி வெளியே போவதே செலவு. வெயிலில் உடலின் நீர் வற்றும். அந்த நீரை அது திரும்பப் பெறுவதும் விதையிலுள்ள கொழுப்பிலிருந்துதான். ஆகவே முதல் போட்டால்தான் வரவு. வரவு வந்தால்தான் மறுபடி முதல். இத்தனை எறும்புகள் போகட்டும் என்று கட்டளையிட அங்கே எவரும் இல்லை. புற்றின் வாயிலில் காத்திருக்கும் எறும்பு, விதையோடு திரும்பி வரும் எறும்புகளை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறது என்பதை வைத்தே வெளியே கிளம்புகிறது. திரும்பி வருபவை அடிக்கடி வந்தால் வெளியே விதை மலிவு, கிளம்பு. வரவு மந்தமானால் உள்ளே இரு.

இதைப் புறக்கோட்டையின் காசோலைப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். மொத்த வியாபாரி சரக்கை வெளியூர்க் கடைக்கு அனுப்புகிறார். கைக்கு வருவது 60 நாள், 90 நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை. சரக்கு லொறியில் ஏறிய நாளே அது விற்பனை என்று பேரேட்டில் ஏறுகிறது. விற்பனை கூடியிருக்கிறது என்று அடுத்த கொள்கலனுக்கு ஆர்டர் போகிறது. எறும்பு இந்தத் தவறைச் செய்வதில்லை. வெளியே போன எறும்பு அதன் கணக்கில் செலவு மட்டுமே; விதை வாயிலைத் தாண்டி உள்ளே வந்த பிறகே வரவு. காசோலை பணமாக மாறும் வேகத்தைப் பார்த்து ஆர்டர் போட்டவர்கள் 2022 தொடக்கத்திலேயே தாமாகச் சுருங்கினார்கள். அவர்களுக்கு டொலர் பற்றிய ஞானம் எதுவும் இருக்கவில்லை. மட்டக்களப்புக் கடைக்காரரின் காசோலை இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

கோர்டனின் ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு, 2013இல் வெளியானது. வறண்ட நாளிலும் வெளியே போய் விதை சேர்க்கும் புற்றுகளும் உண்டு, அத்தகைய நாளில் அடங்கி இருக்கும் புற்றுகளும் உண்டு. நீடித்த வறட்சிக் காலத்தில், அடங்கி இருந்தவைக்கே சந்ததிப் புற்றுகள் அதிகம். அதிகம் சேர்த்தவை வெல்லவில்லை. ஒரு நல்ல நாளின் லாபத்தை விட்டுக்கொடுப்பது அங்கே சோம்பல் என்று எழுதப்படுவதில்லை. நம் கடைகளில் விட்டுக்கொடுத்தவனுக்கு அந்த வருடம் முழுவதும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்.

எதையும் அப்படியே பார்த்து எழுதக்கூடாது என்பதற்குச் சிறுத்தையைச் சொல்வேன். ஆபிரிக்கச் சிறுத்தை தான் கொன்ற மானை மரத்தின் மேல் இழுத்துச் செல்லும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். தன் எடைக்குச் சமமான சுமையை மரத்தில் ஏற்றுவது சாதாரணச் செலவு இல்லை. அங்கே சிங்கமும் கழுதைப்புலியும் இருக்கின்றன. கீழே வைத்தால் பறித்துவிடும். யாலவிலும் வில்பத்துவிலும் வாழும் நம் சிறுத்தைக்கு மேல் வேறு பெரிய ஊனுண்ணி இல்லை. ஆகவே அது இரையை மரத்தில் ஏற்றுவது அரிது. பெரும்பாலும் தரையிலேயே வைத்து ஆறுதலாகத் தின்கிறது. வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஒன்றின் நடைமுறையைப் பயிற்சிப் பட்டறையில் கேட்டுவந்து, மறுநாள் தன் பன்னிரண்டு பேர் கடையில் புகுத்த விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வருவதுண்டு. அந்த நடைமுறை எந்தச் சிங்கத்துக்குப் பயந்து அங்கே உருவானது என்று மட்டும் கேட்பேன்.

கிளைக்கடையை எப்போது மூடுவது என்ற கேள்விக்கும் காட்டில் ஒரு பதில் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவின் பெரிய மரங்களில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள், அந்தி சாய்ந்ததும் பழமரங்களைத் தேடிப் பறந்து போகின்றன. ஒரு மரத்தை விட்டு அடுத்த மரத்துக்கு எப்போது போவது? கடைசிப் பழம் தீரும்வரை இருப்பது நட்டம். எரிக் சார்னோவ் என்ற சூழலியலாளர் 1976இல் இதைக் கணக்காக எழுதினார்: இந்த இடத்தில் கிடைக்கும் வேகம், சுற்று வட்டாரம் முழுவதிலும் கிடைக்கக்கூடிய சராசரி வேகத்துக்கு இறங்கும் கணமே புறப்படும் நேரம். அடுத்த மரம் தொலைவில் இருந்தால் இங்கே கூடுதல் நேரம் தங்கலாம். கிளை இன்னும் லாபத்தில் ஓடுகிறது என்பது அதை வைத்திருக்கப் போதிய காரணமாகாது. அதே பணத்தையும் அதே ஆட்களையும் வேறெங்கு வைக்கலாம் என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் குளிர்கால மாதங்களில் சேற்று நிலங்களில் கருவால் மூக்கன் கூட்டங்களைப் பார்க்கலாம். அதன் உறவான பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் பசிபிக் பெருங்கடலின் மேல் எங்கும் இறங்காமல் பறக்கும் பறவை. 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவுக்கு 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி அனுப்பிய பதிவு அது. புறப்படும் முன் இந்தப் பறவைகள் தம் எடையில் பாதியளவுக்குக் கொழுப்பைச் சேர்க்கின்றன. கூடவே இரைப்பை, குடல், ஈரல் போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கின்றன. பறக்கும்போது தின்னப் போவதில்லை. ஆகவே அவை வெறும் சுமை. போய் இறங்கியதும் மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன.

இந்தப் பறவையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன், மனத்தளவில். செலவைக் குறைப்பது என்றால் எப்போது, எதை என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதனிடம் பதில் இருக்கிறது. சுருக்குவது தரையில் இருக்கும்போது, நடுக்கடலில் இல்லை. சுருக்குவது மீண்டும் வளரக்கூடியதை. பறப்பதற்கான தசையும் இதயமும் அந்த நாட்களில் தடித்துப் பெருக்கின்றன. 2022 ஜூனில், பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி வளைந்து கிடந்தபோது, நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனம் முதலில் நிறுத்தியது இருபது வருடங்களாகச் சுங்க வேலை பார்த்த பெரியவரை. அவருடைய சம்பளம்தான் பட்டியலில் பெரியது. முன்றலின் குளிரூட்டிக்கும் விளம்பரப் பலகைக்குமான மாதத் தவணையை ஒப்பந்தம் இருக்கிறது என்று தொடர்ந்து கட்டினார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு இறக்குமதி மெல்லத் திறந்தபோது, எந்த ஆவணம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர் அந்த நிறுவனத்தில் இல்லை. அவர் அப்போது கட்டாரில் இருந்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள்.

சும்மா இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசோனா பல்கலைக்கழகத்தார் ஒரு சிற்றெறும்பு இனத்தை ஆராய்ந்தபோது, புற்றில் ஏறக்குறைய 40 சதவீத எறும்புகள் பெரும்பாலான நேரம் எதுவும் செய்யாமல் இருப்பதைக் கண்டார்கள். மிகச் சுறுசுறுப்பான எறும்புகளை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, சும்மா இருந்தவற்றிலிருந்து சில ஒரு வாரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. கடையில் ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவருக்கும் பழக்கி வைப்பது வீண்செலவு என்று சொல்லும் முதலாளிமாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். நாற்பது சதவீதம் யாராலும் முடியாது. இரண்டு பேருக்குத் தெரிந்த வேலை என்பது முடியும்.

காட்டுச் சட்டம் என்று ஒரு சொல் வணிகத்தில் உலவுகிறது. வலியது வாழும், மெலியது வீழும், ஆகவே எவரையும் பார்க்காதே என்பதற்குச் சான்றாகக் காட்டை இழுக்கிறார்கள். எனக்கு இது கோபத்தை வரவழைக்கும் சொல். காட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மத்திய அமெரிக்காவில் இரத்தம் குடித்து வாழும் வௌவால் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் அது இறந்துவிடும். அனுபவமில்லாத இளசுகள் அடிக்கடி வெறும் வயிற்றோடு திரும்புகின்றன. அப்போது வயிறு நிறைந்த வௌவால் தான் குடித்ததில் ஒரு பங்கைக் கக்கிப் பசித்ததற்கு ஊட்டுகிறது. ஜெரால்ட் வில்கின்சன் என்ற ஆய்வாளர் கொஸ்டரிக்காவில் கண்ட இதை 1984இல் வெளியிட்டார். பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை: யாருக்கு ஊட்டுவது என்பதை இரத்த உறவைவிட, முன்பு யார் தனக்கு ஊட்டினார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. அறிமுகமில்லாத இரண்டு வௌவால்கள் எடுத்தவுடன் இரத்தம் பகிர்வதில்லை. முதலில் ஒன்றின் உடலை ஒன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன. அந்தச் சிறு உதவி நிலைத்த பிறகே பெரிய உதவி.

செட்டியார் தெருவிலும் குறுக்குத் தெருக்களிலும் நடக்கும் கைமாற்றைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காலையில் கொள்கலன் விடுவிக்க இருபது இலட்சம் குறைகிறது; பக்கத்துக் கடையிலிருந்து பணம் வருகிறது. கடதாசி இல்லை, வட்டி இல்லை, மாலைக்குள் அல்லது மறுநாள் திரும்பிவிடும். இந்த உறவு இருபது இலட்சத்தில் தொடங்கியதில்லை. சில்லறை மாற்றிக் கொடுத்ததிலும், மழையில் நனைந்த மூட்டையை அவர் கடைக்குள் இழுத்து வைத்ததிலும் தொடங்கியது. 2022 ஏப்ரலுக்குப் பின் வங்கிகள் கைவிரித்தபோது பலரைத் தாங்கியது இதுதான். ஆனால் எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. அடுத்த கடையை விழுத்துவதையே வியூகம் என்று நினைத்து விலையைக் கீழே கீழே இறக்கிய ஒருவருக்கு, தன் முறை வந்தபோது கதவைத் தட்ட ஒரு கடை இருக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. யாரோ அவருக்குக் காட்டைத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது யானை. 1993இல் தன்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. ஆய்வாளர்கள் கவனித்து வந்த கூட்டங்களில் இருந்த 81 குட்டிகளில் 16, ஒன்பது மாதங்களுக்குள் இறந்தன. வழக்கமான காலத்தில் குட்டிகளின் இறப்பு நூற்றுக்கு இரண்டு. அந்த வறட்சியில் சில யானைக் கூட்டங்கள் பூங்காவை விட்டே வெளியேறின. அவற்றின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. பூங்காவுக்குள் தங்கிய கூட்டம் அதிகம் இழந்தது. அந்தப் பகுதி அதற்கு முன் அவ்வளவு கொடிய வறட்சியைக் கண்டது 1958 முதல் 1961 வரை. வெளியேறிய கூட்டங்களை நடத்திய கிழட்டுப் பெண் யானைகள் அந்த நாளில் குட்டிகளாகவோ இளம் யானைகளாகவோ இருந்தவை. எங்கே தண்ணீர் கிடைத்தது என்று நினைவு வைத்திருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தங்கிய கூட்டத்தில் அந்த வயதுள்ள பெண்கள் குறைவு, தந்தத்துக்காகக் கொல்லப்பட்டிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு ஒரு தடவை மட்டுமே தேவைப்படும் அறிவு அது. இடைப்பட்ட இருபத்தொன்பது வருடங்களில் அந்தக் கிழவியின் மதிப்பு என்ன என்று எந்தக் கணக்காளன் சொல்லிவிடுவான்? நான் சொல்லியிருக்கிறேன், தவறாக. பெரியப்பாவின் மூன்று களஞ்சியங்களை வீண் என்று எழுதியவன் நான்.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டியவர்கள், இறக்குமதி இறுகி, பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற எழுபதுகளைப் பார்த்தவர்கள். 83ஐப் பார்த்தவர்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு வெறிச்சோடிய புறக்கோட்டையையும், 2020 மார்ச் ஊரடங்கையும் பார்த்தவர்கள். இவர்களைக் கேட்காமல் திட்டம் போடுவது எவ்வளவு பெரிய நட்டம் என்று இப்போது நம்புகிறேன். இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கு எதிராக நிற்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதையும் யானையே காட்டுகிறது, நம் நாட்டு யானை.

மின்னேரியாக் குளம் மகாசேன மன்னன் கட்டியது, மூன்றாம் நூற்றாண்டில். வறண்ட மாதங்களில், ஜூலை பிந்தியோ ஓகஸ்டிலோ தொடங்கி, குளத்து நீர் பின்வாங்கும். நீர் விட்ட தரையில் பசும்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடுகள் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் இருநூறு முந்நூறு யானைகள் அங்கே கூடும். தாய் வழியாகக் குட்டிக்கு வந்த பாதை அது. குளம் நீர்ப்பாசனத்துக்காகத் திறக்கப்படும், நீர் இறங்கும், புல் வரும்: இந்த வரிசை தலைமுறைகளாகப் பொய்த்ததில்லை. மொரகஹகந்த நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு நிலை மாறியது. மேலிருந்து வரும் நீரால் வறண்ட காலத்திலும் மின்னேரியா நிறைந்தே நின்ற வருடங்கள் வந்தன. யானைகள் தம் பருவத்தில் வந்தன. புல்வெளி நீருக்கடியில் கிடந்தது. மெலிந்த உடலோடு கரையில் நின்ற யானைகளையும், புல் தேடி வயல்களின் பக்கம் போனவற்றையும் அங்குள்ளவர்கள் கண்டார்கள். கிழட்டு யானையின் நினைவில் பிழை இல்லை. குளத்தின் மதகில் வேறொரு கை இருந்தது. அது யானையின் நாட்காட்டியைப் பார்த்துத் திறப்பதில்லை.

2021இன் பிற்பகுதி எனக்கு இப்படித்தான் தெரிகிறது. செப்டெம்பர் முதல் அடுத்த மார்ச் வரை டொலர் 200க்கும் 203க்கும் இடையில் அசையாமல் நின்றது. எங்கள் மூத்த வியாபாரிகளின் அனுபவம் சொன்னது: நெருக்கடி வருவதாக இருந்தால் முதலில் டொலர் மெல்ல ஏறும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் வாழ்நாளில் அது அப்படியே நடந்தும் இருந்தது. இந்தத் தடவை அந்த அடையாளம் கையால் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. நிறைந்த குளம்போல, எண் சலனமின்றித் தெரிந்தது; தரை அதன் அடியில் மூழ்கிக் கிடந்தது. கறுப்புச் சந்தையில் வேறு விலை. கொழும்புத் துறைமுகத்தில் அரிசி, சீனி, பருப்பு ஏற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள், விடுவிக்க டொலர் இல்லாமல் தேங்கின. பார்க்க வேண்டிய குறி வேறிடத்தில் இருந்தது. எங்களில் பெரும்பாலோர் பழைய குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவர் மட்டும் வேறு எதையோ பார்த்தார். பருப்பும் மல்லியும் இறக்குமதி செய்யும் அந்த ஐயாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அவருடைய பேரேட்டின் இடது ஓரத்தில், கணக்கோடு சம்பந்தமில்லாமல், பென்சிலால் எழுதிய எண்கள் கிடந்தன. 2021 ஜூனில் 4. ஓகஸ்டில் 9. ஒக்டோபரில் 17. டிசம்பரில் எண் இல்லை, ஒரு கோடு மட்டும். கணக்கு முடிக்கும்போது என்ன இது என்று கேட்டேன். நாணயக் கடிதம், அதாவது வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உறுதி, திறக்கக் கேட்டு விண்ணப்பித்த நாளுக்கும் வங்கி திறந்து கொடுத்த நாளுக்கும் இடையிலான நாட்கள் என்றார். கோடு என்றால் திறக்கவில்லை. டொலரின் விலை பத்திரிகையில் ஒரே மாதிரி இருந்ததாலேயே தனக்குச் சந்தேகம் வந்ததாகவும், விலை அசையாவிட்டால் வேறு ஏதாவது அசைய வேண்டும் என்று தேடியதாகவும் சொன்னார். அந்தக் கோட்டைப் போட்ட வாரத்தில் அவர் புதிய ஆர்டர்களை நிறுத்தி, வெளியூர்க் கடன்களை வசூலிக்கத் தம் மகனை வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியிருந்தார்.

டொலர் இப்போது தினமும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம். ஐயா இன்றும் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார். கடந்த வாரம் கணக்குக்குப் போனபோது பார்த்தேன். 3 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு எண் நிரல் தொடங்கியிருந்தது. அது எதன் கணக்கு என்று கேட்டதற்கு, இன்னும் ஆறு மாதம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.